மதர்போர்டு முரண்டு பிடித்தால்: அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சொந்தமாகக் கூட்டிய கணினி கோளாறு செய்யும்போது, "என்ன ஆயிற்று?" என்ற கேள்வியைவிட "எப்போது ஆயிற்று?" என்ற கேள்விதான் விரைவில் விடையிடம் கொண்டு சேர்க்கும். ஒரே நீலத்திரை ராமாலும் வரலாம், சிபியுவுக்குப் போகும் மின்னழுத்தம் போதாததாலும் வரலாம், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) தளர்ந்ததாலும் வரலாம். ஆனால் அது வரும் தருணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. சுவிட்சை அழுத்திய அரை நொடியிலா, திரையில் படம் வருவதற்கு முன்பா, கனமான வேலை ஓடும்போதா, வேலையே இல்லாமல் சும்மா கிடக்கும்போதா என்று பிரித்துக்கொண்டால், சந்தேகப்பட வேண்டிய பாகங்களில் பாதி அங்கேயே கழிந்துவிடும். ஆகவே கீழே உள்ள அறிகுறிகள் கணினி உயிர்பெறும் வரிசையிலேயே அமைந்துள்ளன. உங்கள் கணினி எந்தக் கட்டம்வரை வந்து நிற்கிறதோ, அந்தப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.

கை வைப்பதற்கு முன்

ஓவர்கிளாக் செய்த, அதாவது பாகங்களைத் தர வேகத்துக்கு மேல் ஓட்டும், கணினியில் பழுது தேடுவதானால், முதலில் பயாஸை (கணினியை எழுப்பும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருளை) இயல்பு அமைப்புக்குத் திருப்புங்கள். ராமை வேகமாக ஓட்டும் ஆயத்த அமைப்புகளான எக்ஸ்எம்பி, எக்ஸ்போ ஆகியவற்றையும் சேர்த்தே அணைக்க வேண்டும். "நான் ஓவர்கிளாக் எதுவும் செய்யவில்லை, எக்ஸ்எம்பி மட்டும்தான் போட்டிருக்கிறேன்" என்று சொல்பவர்கள் பலர். ஆனால் எக்ஸ்எம்பி என்பதே ஓவர்கிளாக்தான். டிடிஆர்4 ராமின் தர மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி போட்டதும் அது பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு ஏறுகிறது, சிபியுவுக்குள் இருந்து ராமை இயக்கும் மெமரி கண்ட்ரோலரும் தன் தர வேகத்தைத் தாண்டி ஓடுகிறது. இயல்பு அமைப்பில் கோளாறு மறைந்தால் பிரச்சினை உங்கள் அமைப்புகளில் இருக்கிறது. மறையாவிட்டால் பாகத்திலோ இணைப்பிலோ இருக்கிறது. இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் பாகங்களை மாற்றத் தொடங்குபவர்கள் நல்ல பாகங்களைத்தான் வெளியே தூக்கிப் போடுகிறார்கள்.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஐந்தாவது முறை ரீஸ்டார்ட் செய்யும்போது, மூன்றாவது முறை எந்த ஸ்லாட்டில் எந்த ராம் இருந்தது என்பது நினைவில் இருக்காது.

கருவிகள் அதிகம் வேண்டாம்: நல்ல திருப்புளி, மல்டிமீட்டர், ஒரு யுஎஸ்பி டிரைவ், மதர்போர்டில் செருகும் சிறிய பீப் ஸ்பீக்கர், வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ராம். எதைக் கழற்றுவதானாலும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பவர் சுவிட்சைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்னையும் போக்கிக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். அதன் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர்கள் மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

அறிகுறி 1: சுவிட்சை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சைப் பார்க்கச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனாலும் அதையே முதலில் பாருங்கள். அடுத்து, மதர்போர்டில் எங்காவது ஒரு சிறு விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். கணினி அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும். வழக்கமான நிறங்கள் உள்ள கம்பிகளில் அது ஊதா நிறம். மல்டிமீட்டரில் அது 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் வர வேண்டும். அதுவே வராவிட்டால் மதர்போர்டைக் குறை சொல்ல இன்னும் நேரம் வரவில்லை.

காத்திருப்பு மின்சாரம் இருந்தும் அசைவில்லை என்றால், கேபினட்டின் முன்பக்கக் கம்பிகளைச் சந்தேகியுங்கள். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் உள்ள முன்பலகைப் பின்களில் இருந்து எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, பவர் சுவிட்சுக்குரிய இரண்டு பின்களை மட்டும் திருப்புளியின் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அவை 6, 8 எண் பின்கள். உங்கள் போர்டின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கணினி எழுந்தால் பழுது கேபினட் சுவிட்சில்தான் இருக்கிறது. அழுத்திய நிலையிலேயே சிக்கிக்கொண்ட ரீசெட் பொத்தானும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால், சோதனை முடியும்வரை அந்தக் கம்பியைத் திரும்பச் செருகாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிப்பதற்கு, 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து எடுத்துவிட்டு, பச்சைக் கம்பியையும் பக்கத்துக் கருப்புக் கம்பியையும் ஒரு வளைத்த கிளிப்பால் இணைப்பது பழைய முறை. எல்லாக் கம்பிகளும் கருப்பாக இருக்கும் மாடல்களில் 16, 17 எண் பின்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தச் சோதனையில் விசிறி சுழன்றால், எஸ்எம்பிஎஸ் தொடங்குகிறது என்று மட்டுமே பொருள். பாரம் ஏறும்போது தாங்குமா என்பதை இது சொல்லாது. சில மாடல்களில் பாரம் இல்லாதபோது விசிறி சுழலவே சுழலாது என்பதால், 12 வோல்ட் கம்பியை மல்டிமீட்டரில் பார்த்துவிடுவது நல்லது; 11.4 முதல் 12.6 வரை ஏற்கத்தக்கது.

இதுவரை எல்லாம் சரி என்றால், போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து ஓர் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, சிபியு, கூலர், ஒரே ஒரு ராம் ஆகியவற்றுடன் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் வேறு எதனாலும் தெரியாத ஒன்றை இது காட்டிக்கொடுக்கும். ஒருமுறை நான் ஒரு முழு மாலையையும் செலவழித்த போர்டு, அட்டையின் மேல் வைத்ததும் முதல் தொடுதலிலேயே எழுந்தது. கேபினட்டின் தட்டைப் பார்த்தால், முன்பிருந்த பெரிய போர்டுக்காகப் பொருத்திய பித்தளைத் தாங்கி ஒன்று, இந்தச் சிறிய போர்டில் துளையே இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது. போர்டின் முதுகில் அது அழுத்திய இடத்தில் கடுகளவு வட்டமாக ஒரு தடம். குறைகூற யாரும் இல்லை, கூட்டியவன் நான்தான்.

அறிகுறி 2: விசிறி ஒரு கணம் சுழன்று நின்றுவிடுகிறது

அரை நொடிக்குள் அணைந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது என்று கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க்குகள், யுஎஸ்பி முன்கம்பிகள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் நிற்காமல் ஓடுகிறதோ அதுவே காரணம். யுஎஸ்பி போர்ட்டுகளின் உள்ளே வளைந்து கிடக்கும் ஒரு பின்கூட இதைச் செய்யும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்ஸில், வேறொரு மாடலின் கேபிள்களைப் பயன்படுத்தவே கூடாது. போர்டுப் பக்கத்துக் கனெக்டர்கள் தரப்படுத்தப்பட்டவை. எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் உள்ளவை அப்படி அல்ல. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கிடையேகூடப் பின்களின் வரிசை மாறலாம். கேபிள் ஒழுங்காகப் பொருந்தும். ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், டிஸ்க் ஒரு நொடியில் கருகும்.

இதற்கு நேர்மாறாக, சில நொடிகள் ஓடி அணைந்து, தானே மீண்டும் எழுந்து, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால், அது ஷார்ட் அல்ல. ராமின் நேர அளவுகளைப் போர்டு கற்றுக்கொள்ள முயன்று தோற்று, மீண்டும் முயல்கிறது. அதை நடுவில் அணைக்காமல் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 3: விசிறிகள் சுழல்கின்றன, திரை கருப்பாகவே இருக்கிறது

மதர்போர்டு தொடர்பான புகார்களில் அதிகம் கேட்பது இதுதான். நல்ல போர்டுகள் அநியாயமாகப் பழிசுமப்பதும் இதில்தான்.

மானிட்டர் கேபிள் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும். இன்டெல் சிபியுவின் பெயர் எஃப் என்று முடிந்தாலோ, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ரைசன் சிபியுவாக இருந்து பெயரில் ஜி இல்லாவிட்டாலோ, சிபியுவுக்குள் கிராபிக்ஸ் இல்லை. போர்டின் எச்டிஎம்ஐயில் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

அடுத்தது பொறுமை. டிடிஆர்5 ராம் உள்ள போர்டுகள், குறிப்பாக ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் உள்ள போர்டுகள், முதன்முறை எழும்போதும் பயாஸை மாற்றிய பிறகும் ராமைப் பயிற்றுவிப்பதற்குப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் திரையில் ஒன்றுமே தெரியாது. இரண்டு நிமிடத்தில் பதறி அணைப்பவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வைக்கிறார். கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் படம் இல்லை என்றால், போர்டின் வலது மேல் ஓரத்தில் உள்ள நான்கு சிறு விளக்குகளைப் பாருங்கள். அவற்றின் அருகே சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று அச்சிட்டிருக்கும். போர்டு ஒவ்வொரு பாகத்தையும் சோதிக்கும்போது அதற்குரிய விளக்கு எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. விளக்குகள் இல்லாத போர்டில் பீப் ஸ்பீக்கரைச் செருகுங்கள். பீப் ஒலிகளின் பொருள் பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும் என்பதால், இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பட்டியலை நம்பாமல் உங்கள் போர்டின் கையேட்டையே நம்புங்கள்.

*சிபியு விளக்கு நின்றால்:* சிபியுவுக்கு அருகில் உள்ள 8 பின் மின் கனெக்டர் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 24 பின் மட்டும் செருகினாலும் விசிறிகள் சுழலும் என்பதால் இது எளிதில் கண்ணில் படாது. கிராபிக்ஸ் கார்டுக்கான 6+2 கேபிளும் சிபியுவுக்கான 4+4 கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே நேரெதிரானவை. வலிந்து செருகக் கூடாது. இணைப்பு சரியென்றால், அந்தச் சிபியுவை உங்கள் பயாஸ் பதிப்பு அறியுமா என்று போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் பாருங்கள். 2017இல் வந்த ஏஎம்4 போர்டில் 2020இல் வந்த ரைசன் 5000 வரிசைச் சிபியுவைப் பொருத்தினால், சாக்கெட்டில் அது அழகாக உட்காரும். பயாஸைப் புதுப்பிக்காதவரை எழாது. பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டுகளில் சிபியுவே இல்லாமல் இதைச் செய்யலாம்: யுஎஸ்பி டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, கோப்புக்குக் கையேடு சொல்லும் பெயரைத் துல்லியமாக வைத்து, குறியிட்ட போர்ட்டில் செருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு சிமிட்டி முடியும்வரை மின்சாரம் போகக் கூடாது.

*டிராம் விளக்கு நின்றால்:* இரண்டு ராம் உள்ளவர்கள் சிபியுவிலிருந்து எண்ணினால் 2, 4 ஆகிய ஸ்லாட்டுகளில்தான் அவற்றைப் பொருத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொண்டி உள்ள ஸ்லாட்டுகள் ஏமாற்றும். கொண்டிப் பக்கம் "டக்" என்று பூட்டிக்கொள்ளும், மறுமுனை மயிரிழை மேலே நிற்கும். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: தங்க நிறப் பற்களின் கோடு ஒரு முனையில் முழுதாக மறைந்தும் மறுமுனையில் மெல்லிதாகத் தெரிந்தும் இருந்தால், ராம் பாதிதான் உட்கார்ந்திருக்கிறது.

பிறகு மாற்றிப் போட்டுச் சோதியுங்கள். ஒரே ராமை ஸ்லாட் ஸ்லாட்டாக மாற்றும்போது ஒரு ஸ்லாட்டில் மட்டும் தோற்றால் பழுது போர்டின் பக்கம். ஒரே ஸ்லாட்டில் ராம்களை மாற்றும்போது ஒரு ராம் மட்டும் தோற்றால் பழுது ராமில். ஒரே சேனலை, அதாவது சிபியுவுக்கும் ராமுக்கும் இடையிலான ஒரே தடத்தை, சேர்ந்த இரண்டு ஸ்லாட்டுகளும் சேர்ந்து செத்திருந்தால் ராமை விட்டுவிட்டுச் சாக்கெட்டைப் பாருங்கள். பின்கள் சாக்கெட்டிலேயே இருக்கும் எல்ஜிஏ வகையில் ஒரே ஒரு பின் வளைந்தாலும் ஒரு சேனல் முழுவதும் போய்விடும். கூலரின் திருகுகளை ஒரு பக்கம் மட்டும் அதிகம் முறுக்கினாலும் இதே விளைவு வரும். திருகுகளைத் தளர்த்தி, குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக முறுக்கினால் சேனல் திரும்பி வருவதும் உண்டு.

*விஜிஏ விளக்கு நின்றால்:* கார்டைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள், மின் கேபிள்களைப் பாருங்கள். கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் பயன்படுத்துபவர்கள், பயாஸில் பிசிஐஇ (கார்டு செருகும் தடம்) வேகத்தை ஜென் 3க்குக் குறைத்துப் பாருங்கள். பழைய ரைசர்கள் ஜென் 4 வேகத்தைத் தாங்குவதில்லை.

எதற்கும் மசியாவிட்டால் சீமாஸை (பயாஸ் அமைப்புகள் தங்கும் சிறு நினைவகத்தை) அழியுங்கள். மின்கம்பியைப் பிடுங்கி, பவர் சுவிட்சை அழுத்தி வடியவிட்டு, கையேடு காட்டும் இரண்டு பின்களைச் சில நொடிகள் இணையுங்கள், அல்லது வட்டப் பேட்டரியைச் சில நிமிடங்கள் வெளியே எடுத்து வையுங்கள். மின்கம்பி செருகியிருக்கும்போது பேட்டரியை எடுப்பதால் பயன் இல்லை. காத்திருப்பு மின்சாரமே அந்த நினைவைக் காத்துக்கொண்டிருக்கும்.

அறிகுறி 4: பயாஸ் வருகிறது, டிஸ்க்கோ விண்டோஸோ தெரியவில்லை

சீமாஸை அழித்த பிறகு இது தொடங்கினால் டிஸ்க் போய்விட்டதாக எண்ண வேண்டாம். பழைய முறையில் நிறுவிய விண்டோஸுக்குத் தேவையான சிஎஸ்எம் அமைப்போ, பல டிஸ்க்குகளை ஒன்றாக்கும் ரெய்டு அமைப்போ இயல்புநிலைக்கு மாறியிருக்கும். முன்பிருந்தபடி வைத்தால் எழுந்துவிடும். போர்டில் நேராகச் செருகும் எம்.2 டிரைவைப் புதிதாகப் பொருத்தியதும், கேபிளில் இணையும் பழைய சாட்டா டிஸ்க் காணாமல் போனால், இரண்டும் ஒரே தடத்தைப் பங்கிடுகின்றன என்று பொருள்; கையேட்டைப் பார்த்துச் சாட்டா கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு நாளும் கடிகாரம் பின்னோக்கிப் போனால் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

அறிகுறி 5: வேலை நடுவே அணைகிறது, ரீஸ்டார்ட் ஆகிறது, உறைகிறது

"கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிறது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லப்படும் இது, உண்மையில் மூன்று வெவ்வேறு நோய்.

முற்றாக அணைந்து, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி எழுகிறது என்றால், எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று செயல்பட்டுப் பூட்டிக்கொண்டிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு கணநேரத்தில் இழுக்கும் மின்னோட்டம் சராசரியைவிட மிக அதிகம். வாட் கணக்கில் போதுமானதாகத் தோன்றும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த எழுச்சியில் விழலாம். கார்டின் இரண்டு மின் துளைகளுக்கும் ஒரே கேபிளின் கிளைகளைப் பயன்படுத்தியிருந்தால், தனித்தனிக் கேபிள்களாக மாற்றிப் பாருங்கள்.

அணையாமல் தானே ரீஸ்டார்ட் ஆனால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறங்கள். அங்கே கெர்னல்-பவர் 41 என்று கண்டதும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஒழுங்காக அணைக்கப்படாமல் கணினி மறுபடி எழுந்தது என்பதைத் தவிர அந்த வரி வேறு எதையும் சொல்வதில்லை. நீங்கள் தேட வேண்டியது அதன் அருகில் உள்ள, வன்பொருள் பிழைகளைப் பதியும் வியா-லாகர் என்ற பெயரை. 19 என்ற எண் திருத்தப்பட்ட பிழை, 18 என்ற எண் திருத்த முடியாமல் கணினியை வீழ்த்திய பிழை. இவை வந்தால் சிபியு, அதன் மின்னழுத்தம், மெமரி கண்ட்ரோலர் ஆகிய வட்டத்துக்குள் தேடுங்கள்.

நீலத்திரை வந்தால் அதிலுள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். "வியா அன்கரெக்டபிள் எர்ரர்", "கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்" ஆகியவை பெரும்பாலும் சிபியுவின் பக்கம் விரல் நீட்டுபவை. "மெமரி மேனேஜ்மென்ட்", "பேஜ் ஃபால்ட்" போன்றவை, அதிலும் முறைக்கு ஒரு பெயராக மாறிமாறி வந்தால், ராமைக் காட்டுபவை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யுஎஸ்பி டிரைவிலிருந்து எழுப்பி, குறைந்தது நான்கு சுற்று ஓடவிடுங்கள். இதில் ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு தோல்விதான்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு வைத்திருப்பவர்களுக்கு இங்கே தனியாக ஒரு குறிப்பு உண்டு. இயல்பு அமைப்பிலேயே கேம்கள் முறிகின்றன, கிராபிக்ஸ் கார்டில் நினைவகம் ஏராளமாக இருந்தும் போதவில்லை என்று பிழை வருகிறது, பெரிய கோப்புகளைப் பிரிக்கும்போது தோற்கிறது என்றால், மதர்போர்டில் பழுது தேடி நாளை வீணாக்காதீர்கள். அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் அந்தச் சிபியுக்கள் தேய்வது 2024இல் உறுதியானது. அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் மைக்ரோகோட் (சிபியுவின் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயாஸைப் புதுப்பிப்பது இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. அறிகுறி தொடங்கிவிட்ட சிபியுவை உத்தரவாதத்தில் மாற்றுவதே வழி.

அறிகுறி 6: அணைவதில்லை, ஆனால் வேகம் விழுகிறது

எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவியைத் திறந்துவைத்துக்கொண்டு பாரம் ஏற்றுங்கள். சிபியுவின் வெப்பம் அதன் எல்லையை, அதாவது பெரும்பாலான இன்டெல் சிபியுக்களில் 100 டிகிரி, ரைசன் 5000 வரிசையில் பொதுவாக 90, ரைசன் 7000இல் பொதுவாக 95 டிகிரி செல்சியஸை, முட்டினால் காரணம் கூலரில் இருக்கிறது. அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ஞெகிழித் தாளை உரிக்காமலே பொருத்தியவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். சிபியு குளிர்ச்சியாகவே இருந்து வேகம் மட்டும் சட்டென்று விழுந்தால், சாக்கெட்டைச் சுற்றியிருந்து சிபியுவுக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம்மின் வெப்பத்தைப் பாருங்கள். தண்ணீர்க் கூலர் போட்டவர்களுக்கு அந்தப் பகுதியில் காற்றே படாமல் போவதுண்டு. ஒரு சிறு விசிறியை அந்தப் பக்கம் திருப்பினாலே சரியாகிவிடும்.

ஓவர்கிளாக்: ஏற்றும் முறை

இயல்பு அமைப்பில் மேலே சொன்ன எதுவும் இல்லாத கணினியைத்தான் ஓவர்கிளாக் செய்ய வேண்டும். இன்டெலில் பெயர் கே அல்லது கேஎஃப் என்று முடியும் சிபியுவும் இசட் வரிசைச் சிப்செட்டும் (போர்டின் துணைச் சில்லு) தேவை. ஏஎம்டியில் பி, எக்ஸ் வரிசைச் சிப்செட்டுகள் போதும். ஏ320, ஏ520 அனுமதிப்பதில்லை. போர்டு தரும் "ஆட்டோ ஓவர்கிளாக்" வசதியைப் பயன்படுத்த நான் யாருக்கும் சொல்வதில்லை. தோற்றுவிடக் கூடாது என்பதற்காக அது தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கொட்டும்.

அந்த மின்னழுத்தம் ஏன் முக்கியம் என்றால், சிபியு உண்ணும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கி, வேகத்தையும் 10 விழுக்காடு கூட்டினால், மின்செலவு ஏறக்குறைய 33 விழுக்காடு கூடும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக 60, 70 மில்லிவோல்ட் கேட்கும் இடம் வந்துவிட்டால், அந்த 100ஐ விட்டுக்கொடுப்பதே கணக்குக்குச் சரி.

அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும். அதைப் பெருக்கிச் சிபியுவின் வேகத்தைத் தரும் எண்ணான பெருக்கியை ஒன்று கூட்டுங்கள், சேமியுங்கள், சினிபெஞ்ச் என்ற பாரச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள், வெப்பத்தையும் வியா பதிவையும் பாருங்கள், தாளில் எழுதுங்கள். தோற்றால் 10 அல்லது 15 மில்லிவோல்ட் கூட்டி மறுபடி பாருங்கள். பாரம் ஏறும்போது மின்னழுத்தம் சற்றுத் தாழ்வது இயல்பு. அதைத் தூக்கிப் பிடிக்கும் லோட்லைன் காலிப்ரேஷனை நடுத்தர நிலையில் வையுங்கள். உச்ச நிலையில் வைத்தால், பாரம் சட்டென்று இறங்கும் கணத்தில் மின்னழுத்தம் குறித்த அளவுக்கு மேலே துள்ளும். அந்தத் துள்ளல் மென்பொருள் காட்டும் எண்ணில் தெரியாது.

ஓவர்கிளாக்குக்குப் பின் வரும் அறிகுறிகள்

சோதனை தொடங்கிய சில நொடிகளிலேயே விழுந்தால் மின்னழுத்தம் போதவில்லை. இருபது, முப்பது நிமிடம் ஓடி விழுந்தால் வெப்பத்தைப் பாருங்கள். மின்னழுத்தத்தைக் கூட்டுவது அங்கே நிலைமையை மோசமாக்கும். சினிபெஞ்ச் ஓடுகிறது, பிரைம்95 என்ற கடும் சோதனை மட்டும் தோற்கிறது என்றால், கனமான கணக்குகளுக்கான ஏவிஎக்ஸ் கட்டளைகள் இழுக்கும் கூடுதல் மின்னோட்டமே காரணம். போர்டில் ஏவிஎக்ஸ் ஆஃப்செட் இருந்தால் அந்த வேலைகளுக்கு மட்டும் வேகத்தை ஒரு படி குறைக்கலாம்.

சோதனைகள் அனைத்திலும் தேறி, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவதுதான் மிக அதிகம் குழப்பும் அறிகுறி. என் 8 கோர் கணினியில், கோர்களின் மின்னழுத்தத்தைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 30 என்று வைத்தேன். இரவு முழுவதும் ஓடிய சோதனையில் ஒரு பிழையும் இல்லை. மறுநாள் காலை ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தபோது திரை அணைந்து எழுந்தது. முழுப் பாரத்தில் எல்லாக் கோர்களும் மிதமான வேகத்தில் ஓடும். ஒரே ஒரு கோர் கண நேரம் விழித்து உச்ச வேகத்துக்குத் தாவுவது, இப்படிப்பட்ட அமைதியான நேரத்தில்தான். நான் அறுத்துவிட்ட மின்னழுத்தம் அந்தத் தாவலுக்குப் போதவில்லை. வியா-லாகர் 18இன் விவரத்தில் ஏபிஐசி அடையாள எண் (திரெட்டின் எண்) 10 என்றிருந்தது. கோருக்கு இரண்டு திரெட் என்பதால், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது கோர் 5. அந்தக் கோரை மட்டும் மைனஸ் 18க்கு ஏற்றினேன், ரீஸ்டார்ட் நின்றது. ஒவ்வோர் எண்ணும் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட் என்று நினைவில் வைத்துக்கொண்டால், எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறோம் என்பது புரியும்.

ராமின் வேகத்தைக் கூட்டியதும் எதுவும் விழாமல், சோதனை மதிப்பெண் மட்டும் குறைந்தால், ராமுக்கும் கண்ட்ரோலருக்கும் இடையிலான விகிதம் 1:1இலிருந்து 1:2க்கு மாறியிருக்கும். ரைசன் 5000இல் டிடிஆர்4-3600ஐயும், ஏஎம்5இல் டிடிஆர்5-6000ஐயும் தாண்டும்போது பல போர்டுகள் இதைத் தாமாகவே செய்கின்றன. விகிதத்தைக் கையால் 1:1க்குக் கட்டாயப்படுத்திப் பாருங்கள். எழாவிட்டால் வேகத்தைக் குறைப்பதே லாபம். ஏஎம்5இல் ராமுக்காக எஸ்ஓசி (சிபியுவுக்குள் மெமரி கண்ட்ரோலர் உள்ள பகுதி) மின்னழுத்தத்தைக் கூட்டுபவர்கள் 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 2023இல் ஏஎம்டியின் எக்ஸ்3டி வகைச் சிபியுக்கள் சில சாக்கெட்டிலேயே கருகிய பிறகு ஏஎம்டி வகுத்த எல்லை அது. அதற்கு முந்தைய பயாஸ் உள்ள போர்டு என்றால், ஓவர்கிளாக் செய்யாவிட்டாலும் உடனே புதுப்பியுங்கள்.

நிலையான அமைப்பு கிடைத்ததும் அதைப் பயாஸிலேயே ஒரு புரொஃபைலாகச் சேமித்துவையுங்கள். பயாஸைப் புதுப்பித்தால் பழைய புரொஃபைல்கள் பெரும்பாலும் செல்லாமல் போகும் என்பதால், எண்களைத் தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்கம்பியைப் பிடுங்கி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்த நிலையில் எழுப்புங்கள். சூடாக இருக்கும்போது தடையின்றி ரீஸ்டார்ட் ஆகும் கணினி, குளிர்ந்த நிலையில் இரண்டு மூன்று முறை தடுமாறி எழுந்தால், ராமின் வேகம் ஒரு படி அதிகம். டிடிஆர்5-6200 என்றால் 6000க்கு இறக்கி, அதே இரவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.